மதிலுக்கு உள்ளே ஒரு வேலி: யாழ்ப்பாண வளவுக்கு ஏற்ற உள்ளூர்ச் செடிகள்

கேள்வி: கொக்குவிலில் 2 பரப்பு வளவு. பழைய வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டியாகிவிட்டது. முன்னர் புலுனிக் கூட்டமும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்தன, இப்போது இல்லை. செவ்வரத்தையும் போகன்வில்லாவும் நிறையப் பூக்கின்றன, ஆனாலும் ஒன்றையும் காணோம். உள்ளூர்ச் செடிகள் வைத்தால் திரும்பி வருமா? எதை, எப்போது, எப்படி வைப்பது?

வரும். ஆனால் பூவை எண்ணுவதை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். செவ்வரத்தைக்குத் தேன்சிட்டு வந்து தேன் குடித்துவிட்டுப் போகும். அதே தேன்சிட்டு தன் குஞ்சுக்குக் கொடுப்பது சிறு பூச்சியும் சிலந்தியும். புலுனி நாள் முழுக்கச் சருகைக் கிளறித் தேடுவதும் பூச்சியைத்தான். இலையை எந்தப் புழுவும் தொடாத செடி வளவு முழுக்கப் பூத்தாலும், குஞ்சு வளர்க்கிற குருவிக்கு அது வெறுங்காணி. ஓட்டை விழுந்த இலையைக் கண்டதும் மருந்துப் போத்தலைத் தேடும் பழக்கம் இருந்தால், முதலில் அதை விடவேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசலும் அப்படித்தான். இயற்கை மருந்து என்று அடிப்பார்கள்; வண்ணத்துப்பூச்சிப் புழு அதனாலும் சாகும்.

உங்கள் வளவில் இழந்தது வேலி. கதியால் வேலி, அதாவது நட்ட கொம்புகளே துளிர்த்து வளரும் வேலி, எல்லை காட்டுவதற்கு மட்டும் இருந்ததல்ல. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, அவற்றின் மேல் ஏறிய குறிஞ்சா, கொவ்வை, முசுட்டை, அடியில் பிரண்டையும் தூதுவளையும், அதற்கும் கீழே சருகு என்று நாலைந்து அடுக்கு அதில் இருந்தது. மதிலை இடிக்கத் தேவையில்லை. மதிலிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி, கோடிப்புறத்து ஒரு பக்கத்திலாவது அந்த வேலியைத் திரும்ப வையுங்கள். பூவரசு பருத்தால் வேர் அத்திவாரத்தைத் தள்ளும். 3 அடி இடைவெளி அதற்காகத்தான்.

60 அடி நீளப் பக்கம் என்றால் 2 அடிக்கு ஒன்றாக 30 கதியால் போதும். 18 பூவரசு, 9 கிளுவை, 3 முள்முருக்கு என்று கலந்து வையுங்கள். மணிக்கட்டுப் பருமனான, முற்றிய, 5 முதல் 6 அடி நீளக் கொம்புதான் கதியாலுக்கு நல்லது. பச்சைத்தோல் இளங்கொம்பு வேர் விடுமுன் வாடிவிடும். அடிப்பக்கத்தைச் சரிவாக வெட்டினால் எது தலை, எது கால் என்ற குழப்பமும் வராது. தலைகீழாக நட்ட கதியால் துளிர்த்தாலும் உருப்படாது. வெட்டியதை நிழலில் நாலைந்து நாள் சாத்தி வையுங்கள். கிளுவையின் வெட்டுவாய் காய இன்னும் சில நாள் விடலாம், பால் ஈரத்தோடு நட்டால் அழுகும். அலவாங்கால் ஒன்றேகால் அடிக்குக் குழி போட்டுக் கதியாலை இறக்கி, மண்ணைத் தள்ளிக் குதிக்காலால் மிதித்து இறுக்குங்கள். தலையில் அடித்து இறக்கவே கூடாது. பிளந்த தலையில் மழைத்தண்ணீர் நின்று மேலிருந்து அழுகத் தொடங்கும். மேல் வெட்டில் சாணத்தைக் களிமண்ணோடு குழைத்து அப்பிவிடலாம்.

நடும் காலம் ஐப்பசி நடுப்பகுதி முதல் கார்த்திகை முடியும் வரை. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் விழுகிறது. முதல் மழைக்கே ஓடிப்போய் நடாதீர்கள். மண்ணை ஒரு அடி தோண்டிப் பார்த்து, அடியிலும் ஈரம் இருந்தால் நடுங்கள். தை பிறந்த பிறகு நட்டது பெரும்பாலும் பங்குனி வெயிலில் போய்விடும்.

முள்முருக்கு மாசி, பங்குனியில் இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும்போது மைனா, காகம், கரிக்குருவி, தேன்சிட்டு எல்லாம் ஒரே மரத்தில் சண்டைபிடிக்கும். ஆனால் இப்போது அதன் இளங்குருத்தில் ஒரு மிகச் சிறிய குளவி முட்டையிட்டு, இலையும் காம்பும் வீங்கிச் சுருண்டுபோவது உண்டு. வீங்கிய குருத்தை வெட்டி எரித்துவிடுங்கள். மருந்தடித்துப் பயனில்லை, குளவி இலைக்குள்ளே இருக்கிறது. முருக்கை மூன்றோடு நிறுத்தச் சொன்னது இதனால்தான். பூவரசங்காயில் சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பூச்சிகள் கூட்டமாக மொய்த்தால் பயப்படவேண்டாம். அவை விதையின் சாற்றைத்தான் குடிக்கின்றன, மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

கதியால் வேர் பிடித்த அடுத்த மாரியில் கொடிகளை ஏற்றுங்கள். முதலிடம் குறிஞ்சாவுக்கு. சுண்டலுக்கு அரிவோமே, அந்தக் குறிஞ்சாதான். கறுப்புச் செட்டையில் இளநீலக் கோடும் புள்ளியும் உள்ள வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது அதில்தான். பென்சில் பருமனில் மூன்று கணு உள்ள தண்டை, இரண்டு கணு மண்ணுக்குள் போக நட்டால் முளைக்கும். கொவ்வை பழுத்தால் கொண்டைக்குருவியும் குயிலும் கிளியும் வரும்; எச்சத்தோடு விதையும் விழும், அடுத்த கொடியை அவையே நட்டுவிடும். கார்த்திகைப்பூக் கிழங்கு பழைய வேலியடியில் இருந்தால் தோண்டாதீர்கள். மழையோடு முளைத்து, பூத்து, கோடையில் மேலே ஒன்றுமில்லாமல் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று அந்த இடத்தைக் கொத்துவதுதான் வழக்கமான பிழை. அதன் கிழங்கு கடும் நஞ்சு. வள்ளிக்கிழங்கு என்று எடுத்துச் சமைத்தால் உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

வேலிக்கு முன்னால், வெயில் நன்றாக விழும் பக்கத்தில் பற்றைச் செடிகள்: ஆவாரை, நொச்சி, ஆடாதோடை, பாவட்டை. நொச்சியும் ஆடாதோடையும் தடி வெட்டி நட்டால் வரும். ஆவாரை விதையின் தோல் கடினம். கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரை, கொதிநீர் அல்ல, விதை மேல் ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டு, உப்பிய விதையை மட்டும் நாற்றுப் பையில் போடுங்கள். உப்பாததை மறுபடி ஊறவிடலாம். கொன்றை விதையைச் சீமெந்துத் தரையில் ஒரு பக்கம் தேய்த்துவிட்டு ஊறப்போட வேண்டும். வேப்பம் விதை இதற்கு நேர்மாறு, சில கிழமைகளிலேயே முளைக்கும் சக்தியை இழக்கும், பழம் விழுந்த கையோடு போடுங்கள். பைக்குள் செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய மாட்டெரு 1. ஆடி மாதம் போட்டால் ஐப்பசிக்கு நடும் அளவுக்கு வந்துவிடும். இவற்றில் பல விலைக்கு இலேசில் அகப்படாது. கோயில் வளவுகளிலும் தோட்ட வரம்புகளிலும் பழைய மரங்கள் இருக்கின்றன, கேட்டு விதை எடுங்கள். கன்றைப் பிடுங்கி வருவது வேண்டாம். ஆணிவேர் அறுந்து பெரும்பாலும் சாகும்.

பெரிய மரம் 2 பரப்புக்கு ஒன்றே போதும், மிஞ்சினால் இரண்டு. வேம்பு ஏற்கனவே நின்றால் அதுவே பாதி வேலை. பழுக்கும் காலத்தில் குயிலும் கொண்டைக்குருவியும் அதை விட்டு இறங்காது. இன்னொன்று வைக்க இடமிருந்தால் என் தெரிவு விளாத்தி, அடுத்தது கொன்றை. வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, கிணற்றிலிருந்து அதைவிடத் தூரத்தில். கொன்றைக் குருத்தில் மஞ்சள்பச்சை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட்டு, ஒரு கிழமையில் குருத்து முழுக்கப் போய்விடும். மரம் திரும்பத் துளிர்க்கும். அதைப் பார்த்துக் கலங்குபவர்கள் கொன்றை வைக்க வேண்டாம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். இலங்கையின் செடி என்பதாலேயே அது யாழ்ப்பாணத்துச் செடி ஆகிவிடாது. தேசிய மரம் என்று நாகமரக் கன்றை வாங்கி வந்து நடுகிறார்கள். அது தெற்கின் ஈரக் காட்டு மரம், நமது சுண்ணாம்புக் கல்லுக்கும் எட்டு மாதக் கோடைக்கும் பிறந்ததல்ல. மருதுக்கு ஆற்றங்கரையும் குளக்கட்டும் வேண்டும். வெட்சிப்பூ இலங்கைக்கு உரியதுதான். ஆனாலும் நமது கிணற்றுத் தண்ணீரில் அதன் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பதைப் பல வீட்டு வாசலில் காணலாம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. யூரியா போட்டு அது பச்சையாகாது. வாசலுக்கு வெட்சிதான் வேண்டும் என்றால் தொட்டியில் வைத்து மழைத்தண்ணீர் ஊற்றுங்கள்.

வலிகாமத்துச் செம்மண்ணில் பல இடங்களில் ஒன்றிரண்டு அடியிலேயே கல் தட்டும். கல்லை உடைத்துப் பெரிய குழி எடுத்து எருவால் நிரப்பினால், அது நிலத்துக்குள் புதைத்த பூச்சட்டி போலாகிவிடும். வேர் அந்த எருவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும். இரண்டு அடி அகலம், கல் தட்டும் வரை ஆழம், எடுத்த மண்ணோடு கால் பங்கு மக்கிய எரு, அவ்வளவுதான். வேம்பும் விளாத்தியும் கல் வெடிப்பைத் தாமாகத் தேடிப்போகும். கடற்கரைக்கு அண்மையிலும் தீவுப்பகுதியிலும் கோடை முற்றக் கிணறு உவராகும். அங்கே பூவரசும் புங்கும்தான் நின்றுபிடிக்கும், ஆவாரையை மேட்டில் வையுங்கள்.

தண்ணீர்: முதல் கோடையில் கன்று ஒன்றுக்கு நாலு நாளுக்கு ஒரு 10 லீற்றர் வாளி. தினமும் ஒரு செம்பு ஊற்றுவது கெடுதல், வேர் மேலேயே தங்கிவிடும். இரண்டாம் கோடையில் 10 நாளுக்கு ஒரு தடவை, மூன்றாம் கோடையில் நிறுத்திப் பாருங்கள். வெயிலைவிடச் சோளகக் காற்றுதான் இளங்கன்றைக் கொல்வது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகைக் குத்தி மறைப்புக் கொடுங்கள்.

மண்ணோ எருவோ வெளியிலிருந்து ஏற்றுவதானால் கவனம். பார்த்தீனியம் என்ற களை வளவுக்குள் வருவது பெரும்பாலும் அந்த லோட்டில்தான். ஈரமண்ணில், பூக்குமுன், கையுறை போட்டு மூக்கை மூடிக்கொண்டு வேரோடு பிடுங்கவேண்டும். வெறுங்கையால் பிடுங்கினால் தோல் அழற்சி வரும். வெட்டிவிட்டால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாதீர்கள், தானாக முளைக்கும் தகரையை நெருக்கமாக விட்டால் பார்த்தீனியத்துக்கு இடம் குறையும்.

இனி, எல்லோரும் களை என்று பிடுங்கும் ஒரு செடி. ஆடுதீண்டாப்பாளை நிலத்தோடு படரும். சிறுநீரக வடிவ இலை, கருஞ்சிவப்புக் குழாய்ப் பூ. பெயருக்கேற்ப ஆடு வாய் வைக்காது. கறுப்புச் செட்டையில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் புள்ளிகளும் சிவந்த உடலும் கொண்ட பெரிய வண்ணத்துப்பூச்சி இந்த இனச் செடிகளில் மட்டுமே முட்டையிடும். செடியின் நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் குருவிகள் அதைத் தொடுவதில்லை. நாலைந்து புழு ஒரு செடியை இரண்டு நாளில் மொட்டையடித்துவிடும், ஆகவே 15 செடிக்குக் குறையாமல் வேண்டும். வேரிலிருந்து திரும்ப வரும். காய் காய்ந்து வெடித்துக் கவிழ்ந்த குடைபோலத் தொங்கும்போது தட்டையான விதையை எடுத்து மாரித் தொடக்கத்தில் தூவுங்கள்.

கறிவேப்பிலையைச் சுற்றுவதும் இதே வண்ணத்துப்பூச்சி என்று நினைத்தால் உடலைப் பாருங்கள். உடல் கறுப்பாக இருந்தால் அது வேறு இனம். நஞ்சில்லாத அதன் பெண்களில் ஒரு வகை, சிவப்புடல்காரியின் வேடம் போட்டுக் குருவியை ஏமாற்றுகிறது. அதன் புழுவுக்குக் கறிவேப்பிலை, தேசி, வில்வம், விளாத்தி எல்லாம் சாப்பாடு. இளம் புழு பறவை எச்சம் போலக் கிடக்கும். பிறகு பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கொம்பு போன்ற ஒன்றை நீட்டி நாறும். நாலடிக்கு மேல் வளர்ந்த கறிவேப்பிலைக்கு இதனால் ஒரு நட்டமுமில்லை. ஒரு அடிக் கன்றானால் வலையால் மூடுங்கள், அல்லது புழு இருக்கும் ஈர்க்கோடு வெட்டி விளாத்தியில் செருகுங்கள். கையால் பிய்த்தெடுத்தால் புழுவின் கால் அறும்.

எருக்கலையை மதில் மூலையில் ஒன்று விடுங்கள். செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி தேடிவந்து முட்டையிடும், மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட புழுவைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை, வெட்டியபின் கையைக் கழுவாமல் முகத்தைத் தொடக்கூடாது.

எல்லாப் புழுவையும் வளர்க்கச் சொல்லவில்லை. முருங்கையில் மாரிகாலத்தில் கூட்டமாக அடையும் மயிர்க்கொட்டியைப் பகலில் அடிமரத்தில் ஒட்டியிருக்கும்போதே சவர்க்காரத் தண்ணீரில் வழித்துக் கொட்டுங்கள். மாவில் பிடித்த குருவிச்சையைக் கொம்போடு வெட்டுங்கள். அதே குருவிச்சை பூவரசில் இருந்தால் விட்டுவிடலாம். அடிச்செட்டையில் மஞ்சளும் சிவப்பும் கொண்ட வண்ணத்துப்பூச்சிக்கு அதுதான் வீடு, பழத்துக்குச் சின்னஞ்சிறு குருவியொன்றும் வரும்.

அடுத்தது, சருகு. முற்றத்தை வழக்கம்போலக் கூட்டுங்கள், அதில் கை வைக்கச் சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது. கூட்டியதை எரிக்காமல் உள்வேலி அடியில் 3 அங்குலத்துக்குப் பரப்புங்கள். புலுனி திரும்ப வருவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. வாடை தொடங்கும் ஒக்டோபரில் கடல் தாண்டி வரும் ஆறுமணிக்குருவியும் பற்றைக்கடியில் சருகு புரட்டித்தான் தின்னும். காலையிலும் மாலையிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் அசையாமல் நின்று நிலத்தைப் பாருங்கள், மரத்தை அல்ல.

பாம்பு வருமே என்பீர்கள். மெல்லிய சருகைவிட, அடுக்கிய விறகும் கல்லும் ஓடும் பொச்சுக் குவியலும்தான் பாம்புக்கு வசதி. அங்கே எலி இருக்கும். குவியல்களை வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள், சருகு பரப்பிய இடமும் வாசலிலிருந்து 12 அடிக்கு அப்பால் இருக்கட்டும். இரவில் டோர்ச் இல்லாமல் கோடிக்குப் போகாதீர்கள். சருகை வெறுங்கையால் அள்ளாதீர்கள், புடையனும் சுருட்டையும் நிறத்தில் சருகோடு சருகாகக் கிடக்கும். கடித்தால் கீறவும் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

தண்ணீர்ச் சட்டி வைப்பதானால் அகன்ற மண்சட்டி, 2 அங்குல ஆழம், நடுவில் ஒரு கல். பற்றையிலிருந்து 6 அடி தள்ளி வையுங்கள், பூனை பதுங்கிப் பாய இடமிருக்கக்கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றிவிட்டுப் பொச்சால் உட்சுவரைத் தேய்க்கவேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, சட்டி காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது.

மதிலின் அடியில் ஓரிரு இடத்தில் 6 அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிவிட்டால் தேரையும் அரணையும் கீரியும் போய்வரும். கீரி வருகிற வளவு என்றால் பாம்புப் பயமும் கொஞ்சம் இறங்கும்.

கவனிப்பதற்குக் காலை 6 முதல் 7.30 வரை பறவைக்கு நல்ல நேரம். வெயில் ஏறி 9 மணிக்குப் பிறகு வண்ணத்துப்பூச்சி. அது பூவில் உட்கார்ந்ததைவிட, ஒரு இலையில் அடிவயிற்றை வளைத்து ஒரு கணம் தொட்டுவிட்டுப் போனால் அந்த இலையைப் புரட்டிப் பாருங்கள், முட்டை இருக்கும். கொப்பியில் திகதி, செடி, என்ன செய்தது என்று மூன்று விடயம் எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டால் செட்டையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் படமெடுத்து, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் போடுங்கள், அடிப்பக்கம் இல்லாமல் பல இனங்களைப் பிரிக்க முடியாது.

முதல் வருடம் எருக்கலையிலும் கறிவேப்பிலையிலும்தான் ஏதாவது நடக்கும். வேலி அடைத்துக்கொள்ள மூன்று மாரி வேண்டும். அதன்பின் வருடாவருடம் குழை வெட்டவேண்டி வரும். பூவரசை வெட்டாமல் விட்டால் அடி வெறுமையாகி மேலே மட்டும் மரமாகும். முழு வேலியையும் ஒரே நாளில் மொட்டையடிப்பதுதான் வழமை, அதைச் செய்யாதீர்கள். ஆவணியில் 30 அடி, அது துளிர்த்தபின் அடுத்த வருடம் மற்ற 30 அடி. கத்தி வைக்குமுன் அகன்ற இலைகளின் அடியைக் கையால் விலக்கிப் பாருங்கள். இலையின் இரு ஓரத்தையும் பஞ்சால் தைத்த பை போன்று ஏதாவது தொங்கினால் அது தையல்சிட்டின் கூடு, குஞ்சுகள் பறந்துபோகும் வரை அந்தக் கொம்பை விட்டுவிடுங்கள். வெட்டிய குழையைத் தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்க்கலாம், இல்லாவிட்டால் வேலியடியிலேயே போட்டுவிடலாம்.